பக்கத்தில் பேசச் சொன்னால் ஏன் அமைதி?

"பக்கத்தில் இருப்பவரோடு விவாதியுங்கள்" என்றதும் வகுப்பே வாயடைத்துப் போகிறது என்கிறீர்களே, முதலில் ஒரு நிமிடம் தனியாக யோசித்து விடையை நோட்டில் எழுத வையுங்கள், அப்புறம் பேச விடுங்கள்.

பெரும்பாலும் யாருக்கு எந்த விடை என்று கை தூக்கச் சொல்வதுதான் சிக்கல். முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கிற பிள்ளை எந்த விடைக்குத் தூக்குகிறதோ அதற்கே எல்லாரும் தூக்கினால், பிறகு பேச என்ன இருக்கிறது?

நாளைக்கே இதைக் கேட்டுப் பாருங்கள்: மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? பூஜ்ஜியம் என்று எழுதியவரையும் கீழ்நோக்கி 9.8 மீ/வி² என்று எழுதியவரையும் ஜோடி சேருங்கள், தானாகச் சத்தம் வரும்.

ஒன்று கவனம். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய, தனியாக யோசித்துப் பிறகு பக்கத்தவரோடு பேசும் இந்த முறையில், முதல் தடவை சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் விவாதம் கிடையாது, பாடத்தையே திரும்ப விளக்க வேண்டும்.