டப்பாவுக்குள் கேம் இல்லையாமே?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. பிறந்தநாளுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கேம் கன்சோல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். என் மனைவியின் தம்பி கேம் விஷயத்தில் கரைகண்டவர். “வாங்காதீங்க மாமா. 450 டாலரை வாங்கிக்கிட்டு பழைய ரகத் திரையைக் கொடுக்கிறான். காசு கொடுத்து வாங்குற கார்டுக்குள்ள கேமே இருக்காது. அவன் நினைச்சா நம்ம மெஷினையே செத்துப்போக வைப்பானாம்” என்கிறார். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், இப்படிப்பட்ட கம்பெனியை ஆதரிக்கலாமா என்றும் யோசனையாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், அட்லாண்டா

பதில்: வாங்கிக் கொடுங்கள். உங்கள் மைத்துனர் சொன்ன எதுவும் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

முதலில் அந்தக் காலி கார்டு. அதன் பெயர் கேம்-கீ கார்டு. உள்ளே கேம் கிடையாது, அதை இறக்கிக்கொள்ளும் உரிமை மட்டும்தான். கார்டைச் செருகி, முதல் தடவை இணையத்தில் இருந்து முழு கேமையும் டவுன்லோட் செய்ய வேண்டும். அதற்கப்புறம் இணையம் தேவையில்லை, ஆனால் ஆடும்போதெல்லாம் கார்டு உள்ளே இருக்க வேண்டும். கடைக்குப் போய் டப்பா வாங்கி வந்தவனுக்கு இது எரிச்சலூட்டும், சந்தேகமே இல்லை.

ஆனால் இதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பாருங்கள். பழைய ஸ்விட்சில் சில கேம்களின் டப்பாவைத் திறந்தால் ஒரு துண்டுச் சீட்டில் குறியீட்டு எண் இருக்கும். அதை ஒருவர் தன் கணக்கில் போட்டுவிட்டால் முடிந்தது கதை. நண்பனுக்கு இரவல் தர முடியாது, ஆடி முடித்து விற்கவும் முடியாது. கேம்-கீ கார்டு யாருடைய கணக்கோடும் ஒட்டிக்கொள்வதில்லை. உங்கள் மகன் ஆடி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுக்கலாம், பழைய கேம் வாங்கும் கடையில் விற்கலாம். டவுன்லோடுக்கும் நிஜ கார்ட்ரிட்ஜுக்கும் நடுவில் ஒரு வழி என்று நான் இதைப் பார்க்கிறேன். உள்ளே கேம் இல்லை என்பதை டப்பாவின் முன்பக்கத்திலேயே அச்சடித்தும் விடுகிறார்கள். மற்ற கன்சோல்கள் மட்டும் என்ன யோக்கியம்? 2022-ல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ விளையாட்டின் பிளேஸ்டேஷன் 5 வட்டில் இருந்தது ஏறத்தாழ 70 எம்.பி.தான். மீதியெல்லாம் டவுன்லோட்.

கார்டில் முழு கேமையும் போடுவதா, சாவியை மட்டும் போடுவதா என்பது அந்தந்த கேம் நிறுவனத்தின் முடிவு. நின்டெண்டோவின் சொந்த கேம்களான மரியோ கார்ட் வேர்ல்ட், டாங்கி காங் பனான்ஸா இரண்டும் முழுசாகக் கார்டிலேயே வருகின்றன. பிரம்மாண்டமான சைபர்பங்க் 2077-ஐக்கூட 64 ஜி.பி. கார்ட்ரிட்ஜில் அடக்கிவிட்டார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 கேம்-கீ கார்டு. எல்லாம் கஞ்சத்தனம்தான் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. கார்டில் இருக்கும் பிளாஷ் நினைவகம், மற்ற கன்சோல்களின் புளூ-ரே வட்டு மாதிரி மலிவானது அல்ல என்பது உண்மை. ஆனால் ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ் என்ற கேம் ஏன் கேம்-கீ கார்டாக வந்தது என்று கேட்டபோது, அதில் வேலை செய்த யூபிசாஃப்ட் நிறுவனப் பொறியாளர் ஒருவர் வேறு காரணம் சொன்னார். திறந்த உலகக் காட்சிகளை ஓடஓட ஏற்றிக்கொண்டே இருக்கும் கேம் அது. அதற்குத் தேவையான வேகம் கார்டில் கிடைக்கவில்லையாம், உள் நினைவகத்தில் கிடைத்ததாம்.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். சர்வர் ஒரு நாள் மூடினால் அந்தக் கார்டு வெறும் பிளாஸ்டிக். தன் பழைய கருவிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகளை நின்டெண்டோ 2023 மார்ச்சில் மூடியது. மூடிய பிறகும், ஏற்கெனவே வாங்கியவற்றை மறுபடி இறக்கிக்கொள்ள விட்டது. அதுவே காலாகாலத்துக்கும் உத்தரவாதம் ஆகிவிடாது. கேம்களைச் சேர்த்துவைத்து இருபது வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கும் ரகம் உங்கள் மைத்துனர் என்றால் அவர் கோபம் நியாயமானது. உங்கள் மகனுடைய கவலை இந்தக் கோடை விடுமுறை.

டவுன்லோடாகவே வாங்கினாலும் முன்பைவிட வசதி கூடியிருக்கிறது. விர்ச்சுவல் கேம் கார்டு என்ற ஏற்பாட்டில், குடும்பக் குழுவில் இருக்கும் இன்னொருவருக்கு ஒரு கேமை இரண்டு வாரம் இரவல் தரலாம். கெடு முடிந்ததும் தானாகத் திரும்பி வந்துவிடும். நான் இரவல் கொடுத்த புத்தகங்களுக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருக்கக் கூடாதா!

அடுத்து திரை. 2021-ல் வந்த ஸ்விட்ச் மாடலில் ஓஎல்இடி திரை இருந்தது, இதில் எல்சிடி. கருப்பு அந்த அளவுக்குக் கருப்பாக இருக்காது, வேகமான காட்சிகளில் மங்கல் தெரிகிறது என்று பரிசோதித்த பலரும் சொல்லியிருக்கிறார்கள். மைத்துனரோடு இதில் மட்டும் வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். ஆனால் பழையது 7 அங்குலம், 720பி தெளிவு. இது 7.9 அங்குலம், இன்னும் தெளிவான 1080பி, நொடிக்கு 120 தடவை வரை படத்தைப் புதுப்பிக்கும். இவ்வளவையும் ஓஎல்இடியில் கேட்டிருந்தால் அறிமுக விலை 450 டாலரில் நின்றிருக்காது என்பது என் கணிப்பு. மெமரி கார்டு விஷயமும் இதே ரகம்தான். கேம்களைச் சேமிக்கப் பழைய மைக்ரோஎஸ்டி உதவாது, மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ்தான் வேண்டும். அறிமுகத்தின்போது 256 ஜி.பி. கார்டே சுமார் 60 டாலர். ஆனால் பழைய ஸ்விட்ச் தன் கார்டில் இருந்து நொடிக்கு 100 எம்.பி. அளவில்தான் படித்தது. புதியது 800 எம்.பி.க்கு மேல் போகும். இன்றைய பெரிய கேம்களுக்குப் பழைய வேகம் போதாது. இன்று மலிவு பார்த்துவிட்டு நாளைக்குத் திரை முன்னால் கொட்டாவி விடுவதில் என்ன லாபம்?

ஜாய்ஸ்டிக்குக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. பழைய ஸ்விட்சின் கன்ட்ரோலரான ஜாய்-கானில் குச்சி தானாக நகரும் கோளாறு ஊரறிந்தது. அப்படியிருந்தும், உரசித் தேயாமல் காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் குச்சிகளைப் போடவில்லை.

மெஷினைச் செத்துப்போக வைக்கும் பேச்சுக்கு ஆதாரம், 2025 மே மாதம் திருத்தப்பட்ட பயனர் ஒப்பந்தம். அமெரிக்காவில் உள்ளவர்களுக்கான வாசகத்தில், மென்பொருளைத் திருத்தினாலோ பாதுகாப்பை உடைத்தாலோ கருவியை நிரந்தரமாக முடக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் நாம் பார்த்தது ஆன்லைன் தடை. திருட்டு கேம்களை ஓட்ட உதவும் போலி கார்ட்ரிட்ஜ்களைச் செருகியவர்களின் கன்சோல்கள் இணையச் சேவையில் இருந்து தூக்கப்பட்டன. திருட்டைத் தடுப்பது சரி. காசு கொடுத்து வாங்கிய கருவியையே முடக்க உரிமை கேட்பது அதிகப்படி என்றுதான் எனக்கும் படுகிறது. கடையில் புதிதாக வாங்கி, அசல் கேம் ஆடும் பையனுக்கு இதனால் ஆபத்தில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரோ பயன்படுத்திய கன்சோலை மட்டும் வாங்காதீர்கள். தடை அந்த மெஷினோடு சேர்ந்தே உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

ஜப்பானில் அறிமுக விலை 49,980 யென்தானாம், அங்கிருந்து வரும் நண்பரிடம் சொல்லிவிடலாமா என்ற யோசனையும் வரலாம். வேண்டாம். அந்த விலை ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடலுக்கு. ஜப்பான் கணக்குகளோடுதான் அது வேலை செய்யும்.

முதல் கேமாக மரியோ கார்ட் வாங்குங்கள். 80 டாலர் என்றதும் எனக்கும் திக்கென்றது, ஆனால் குடும்பமே உட்கார்ந்து ஆடும் கேம். மெமரி கார்டை இப்போதே வாங்க வேண்டாம், உள்ளேயே 256 ஜி.பி. இருக்கிறது. அப்புறம், கன்ட்ரோலரில் ‘சி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது நண்பர்களோடு பேசிக்கொண்டே ஆடும் கேம்சாட்டுக்கு. 16 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் தங்கள் போனில் உள்ள பேரன்டல் கன்ட்ரோல்ஸ் ஆப் வழியாக அனுமதிக்க வேண்டும், யாரோடு பேசலாம் என்பதையும் சேர்த்து. மெஷினை மகன் கையில் கொடுப்பதற்கு முந்தைய நாளே அந்த ஆப்பைப் போட்டு வைத்துவிடுங்கள்.