ஒன்பது மணிக்குத் தவழும் இணையம்: வாசகர் கேள்வி பதில்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இணைய வேகத்தைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் அவற்றைச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். சிம் அட்டை போட்ட ரவுட்டர்தான் வீட்டு இணையம். காலையில் வேலைக்குப் புறப்படும் முன் பார்த்தால் எல்லாம் பறக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் மகளின் பாடக் காணொளிகூடச் சுற்றிக்கொண்டே நிற்கிறது. நிறுவனம் வேண்டுமென்றே வேகத்தைப் பிடித்து வைக்கிறது என்கிறான் என் தம்பி மகன். உண்மையா?

அப்படிப் பிடித்து வைப்பது உலகில் நடக்காத ஒன்றல்ல. ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் அதுவாக இராது. இணையம் மெதுவாவதற்கு நெரிசல் ஒரு காரணம், கட்டுப்படுத்தல் வேறொரு காரணம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவதால்தான் நம் புகார்கள் பாதி வழியிலேயே படுத்துவிடுகின்றன.

பழைய லயங்களில் ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரே குழாயடி இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு வாளியை வைத்தால் சடசடவென்று நிறையும் அதே குழாய், வேலை முடிந்து எல்லாரும் திரும்பிய மாலையில் நூல் போலத்தான் ஒழுகும். யாரும் வந்து திருகி அடைத்ததில்லை. தொட்டியிலிருந்து வரும் குழாயின் அகலம் அவ்வளவுதான். கைப்பேசிக் கோபுரமும் அப்படியே. ஒரு திசையை நோக்கிய அதன் அலைவரிசையை அந்தத் திசையிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ரவுட்டர்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. தெளிவான காணொளி ஒன்றுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் வேண்டும். நாற்பது வீடுகளில் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று ஓடினால் 200 மெகாபிட் ஆகிறது. நான்கு மணிக்கு அந்தத் தேவை இல்லை, ஒன்பது மணிக்கு இருக்கிறது.

கட்டுப்படுத்தல் என்பது வேறு. வழி காலியாக இருக்கும்போதும், குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டையோ குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளரையோ மட்டும் நிறுத்தி வைத்து அனுப்புவது அது. அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் 2007-இல் பிட்டோரண்ட் என்னும் கோப்புப் பகிர்வைத் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லாமலே குலைத்து வந்தது அம்பலமானதுதான் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு.

உங்கள் வீட்டில் நடப்பது எது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு வாரத்துக்கு அதிகாலை ஐந்து, பிற்பகல் மூன்று, இரவு ஒன்பது என்று மூன்று வேளையும், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று வேகத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவில் மட்டும் எல்லாமே மெதுவானால் அது நெரிசல். எந்த வேளையிலும் மற்றவை ஓடி, ஒரேயொரு சேவை மட்டும் திணறினால் சந்தேகப்பட இடமுண்டு. அப்போது, உங்கள் போக்குவரத்தை மறைத்து வேறொரு கணினி வழியே அனுப்பும் விபிஎன் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். விபிஎன் வழியே செல்லும்போது நீங்கள் எந்தச் சேவையைப் பார்க்கிறீர்கள் என்பது வழங்குநருக்குத் தெரியாது. அப்படிப் போகும்போது மட்டும் அந்தச் சேவை வேகம் எடுத்தால், உங்கள் தம்பி மகன் சொன்னது சரியாக இருக்கலாம். மாதத்தின் ஏதோ ஒரு நாளிலிருந்து இரவும் பகலும் ஒரே எண்ணில் வேகம் நின்றுவிட்டால், அது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும் வரம்பு. அதைப் பற்றி அடுத்த வாசகர் கேட்கிறார்.

கேள்வி: “வரம்பற்ற” திட்டம் என்று சொல்லித்தான் விற்றார்கள். இருபதாம் தேதிக்கு மேல் வாட்ஸ்அப் படம்கூட இறங்குவதில்லை. வரம்பற்றது என்றால் என்ன பொருள்?

அகராதியில் ஒரு பொருள், ஒப்பந்தத்தில் வேறு பொருள். ஒப்பந்தத்தில் அதன் பொருள், இணைப்பைத் துண்டிக்க மாட்டோம் என்பது மட்டுமே. “நியாயப் பயன்பாட்டுக் கொள்கை” என்ற தலைப்பின் கீழ், இத்தனை கிகாபைட்டுக்குப் பிறகு வேகம் இத்தனையாகக் குறைக்கப்படும் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஒரே கோபுரத்தில் பத்து பேர் இரவு பகலாகக் கோப்பிறக்கினால் மற்ற முந்நூறு பேருக்கு ஒன்றும் மிஞ்சாது. என் மனத்தாங்கல் அந்தச் சொல்லோடுதான். அளந்து கொடுப்பதை அளந்து கொடுப்பதாகவே சொல்லி விற்றால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

கேள்வி: 100 மெகாபிட் திட்டம் எடுத்தேன். கோப்பு இறங்கும்போது 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றா?

இல்லை. விற்பது பிட் கணக்கில், கணினி காட்டுவது பைட் கணக்கில். எட்டு பிட் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை.

கேள்வி: டவுனில் என் அண்ணன் குடியிருக்கும் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) கண்ணாடி இழைவழி இணையமான ஃபைபர் வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. ஆறு கிலோமீட்டர் தள்ளி, செம்பனைக்கு நடுவில் இருக்கும் எங்களுக்கு இன்னும் வரவில்லை. அதே கட்டணத்தைக் கட்ட நாங்களும் தயார். பிறகு ஏன்?

கடிதங்களில் இதுவே கனமான கேள்வி. இதில் யார் பேரிலும் கோபப்படுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். தொகைகள் ஒரு பேச்சுக்குத்தான். விகிதத்தை மட்டும் பாருங்கள்.

பெரிய சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் கம்பம் நட்டு ஃபைபர் இழுக்க இரண்டு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவில் பெரும்பங்கு கம்பத்துக்கும் தோண்டுவதற்கும் ஆள் கூலிக்கும் போகிறதே தவிர, கண்ணாடி இழைக்கு அல்ல. அதனால் நாற்பது வீட்டுக்கு இழுத்தாலும் எண்ணூறு வீட்டுக்கு இழுத்தாலும் அந்த ஆறு கிலோமீட்டரின் விலை ஏறத்தாழ ஒன்றே. எண்ணூறு வீட்டுத் தாமானில் அது வீட்டுக்கு 250 வெள்ளி. நாற்பது வீட்டு லயத்தில் வீட்டுக்கு 5,000 வெள்ளி. மாதக் கட்டணத்தில் எல்லாச் செலவும் போக 50 வெள்ளி நிற்கிறது என்றால், தாமானில் போட்ட முதல் ஐந்தே மாதத்தில் திரும்பிவிடும். லயத்தில் நூறு மாதம், அதாவது எட்டு ஆண்டுக்கு மேல். அதுவும் நாற்பது வீடும் சந்தா எடுத்தால். பாதி வீடுதான் எடுத்தது என்றால் பதினாறு ஆண்டைத் தாண்டும்.

தோட்டத்துக்கே உரிய இன்னொரு முடிச்சும் இதில் இருக்கிறது. நிலம் நிர்வாகத்துடையது, வீடும் நிர்வாகத்துடையது. நீங்கள் சந்தா எடுக்கத் தயாராக இருந்தாலும் கம்பம் நட அனுமதி தர வேண்டியவர் மேனேஜர். பதினாறு ஆண்டு கழித்து அந்த லயம் அங்கே இருக்குமா, மறுநடவுக்கோ வீடமைப்புக்கோ இடித்துவிடுவார்களா என்பது வழங்குநருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பெருந்தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலந்தொட்டு இடம்பெயர்ந்தே பழகிய நமக்கு இது புதிய செய்தியன்று. முதலீட்டுக் கணக்குப் போடுகிறவரும் அதையேதான் பார்க்கிறார்.

இந்தக் கணக்குப்படிதான் நம் நாட்டில் ஃபைபர் நடந்து வந்தது. அதிவேக அகண்ட அலைவரிசைக்காக அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் 2008-இல் செய்த ஒப்பந்தத்தின் மதிப்பு 1,130 கோடி ரிங்கிட். அதில் 240 கோடி மக்கள் வரிப்பணம். 2010 மார்ச்சில் சேவை தொடங்கிய முதல் இடங்கள் கோலாலம்பூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வீடு, வீட்டுக்கு எவ்வளவு வருமானம் என்று பார்த்தால் அந்தப் பெயர்களில் வியப்பில்லை. 2018-இல், நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று விற்கும் மொத்த விற்பனை விலையைத் தொடர்பு பல்லூடக ஆணையம் நெறிப்படுத்தியதும் ஃபைபர் உள்ள இடங்களில் கட்டணம் இறங்கி வேகம் ஏறியது. பழைய தொலைபேசிச் செப்புக் கம்பி மட்டுமே எட்டிய இடங்களில் பலர் கூடுதலாகக் கட்டிக் குறைவாகப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். (என் வீட்டுக்கு வந்த செப்புக் கம்பியை இருமுறை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டாம் முறை, கம்பி போன மாதத்துக்கும் பில் வந்தது.)

ஆனால் கணக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. சந்தை தானாகப் போகாத இடங்களுக்காகவே நம் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் பொதுச் சேவை நிதி ஒன்று இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தங்கள் நிகர வருமானத்தில், சட்டம் சொல்லும் முறைப்படி கணக்கிட்டு, 6 விழுக்காட்டை அதற்குக் கட்ட வேண்டும். பங்சாரில் கட்டிய கட்டணத்தின் ஒரு துளி உங்கள் தோட்டத்துக்கு வருவதற்கான வழி அதுவே. 2020-இல் தொடங்கிய ஜென்டேலா என்னும் தேசிய இணைய விரிவாக்கத் திட்டமும் இத்தகைய இடங்களைக் கணக்கில் கொண்டதுதான். ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அன்று. தனித்தனியாக வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துப் பயனில்லை. எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள், எத்தனை பேர் சந்தா எடுக்க ஒப்புக்கொள்கிறார்கள் என்று கையெழுத்துடன் ஒரு பட்டியலும், கம்பம் நட ஆட்சேபணை இல்லை என்று நிர்வாகம் தரும் ஒரு கடிதமும் சேர்த்து, ஆணையத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். அந்தக் கடிதத்தை வாங்குவதுதான் கடினமான பகுதி. தொழிற்சங்கக் கிளையை அதற்குப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: காணொளி நிறுவனங்கள்தாம் போக்குவரத்தை நிரப்புகின்றன, அவையே இணைய நிறுவனங்களுக்குப் பணம் கட்டினால் நம் கட்டணம் குறையாதா?

கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. தென் கொரியாவில் எஸ்கே பிராட்பேண்ட் நிறுவனம் நெட்ஃபிளிக்ஸிடம் அப்படிக் கேட்டு, வழக்கு சில ஆண்டுகள் இழுத்து, 2023 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. காணொளியைக் கேட்டு அழைப்பது நீங்கள். அதைக் கொண்டுவரும் கூலியை மாதந்தோறும் நீங்கள் கட்டிவிட்டீர்கள். அதே பொதிக்கு இரு முனையிலும் கூலி வாங்கினால், காணொளி நிறுவனம் அந்தச் செலவைச் சந்தாவில் ஏற்றி உங்களிடமே வாங்கிக்கொள்ளும். காசு கட்ட முடியாத சிறு தமிழ்க் காணொளித் தளமோ மெதுவான வழியில் நிற்கும்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் காணொளிகளின் படிகளை வழங்குநரின் கட்டடத்துக்குள்ளேயே சேமித்து வைப்பதும் உண்டு. பெயர்பெற்ற தளம் ஓடி, வெளிநாட்டுச் சிறு தளம் ஊர்வதற்குப் பல வேளைகளில் காரணம் அதுவே. யாரும் யாரையும் தடுப்பதால் அல்ல.

காசு கட்டும் தளத்துக்கு ஒரு வழி, கட்டாத தளத்துக்கு வேறு வழி என்பதைச் சட்டத்தால் தடுப்பதில் நாடுகள் ஒரு நிலையில் நிற்கவில்லை. இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியிலேயே தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்றது. எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்று அமெரிக்காவில் 2015-இல் வந்த விதி 2017-இல் நீக்கப்பட்டு, 2024-இல் மீண்டும் வந்து, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தது.

கேள்வி: புகார் செய்தால் “சோதித்தோம், எல்லாம் சரியாக உள்ளது” என்ற ஒரே பதில். அடுத்து என்ன செய்வது?

அவர்கள் சோதித்தது பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கு இருக்கும். முதல் கேள்விக்குச் சொன்ன நோட்டை எடுங்கள். ஒரு வாரத்து இருபத்தொரு அளவுகளையும் நேரத்துடன் எழுதி, முதலில் நிறுவனத்துக்கே அனுப்பிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் திருப்தி தராவிட்டால் அந்த எண்ணையும் அளவுகளையும் இணைத்து, தொடர்பு பல்லூடக ஆணையத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். “மெதுவாக இருக்கிறது” என்று மட்டும் எழுதாதீர்கள். “காலை ஐந்து மணிக்கு 38, இரவு ஒன்பது மணிக்கு 2, ஏழு நாளும் இப்படியே” என்று எழுதுங்கள். நோட்டில் இரவு ஒன்பது மணிக் கட்டத்தை எந்த நாளும் காலியாக விட்டுவிடாதீர்கள்.