இனிஷியலும் வங்கி இருப்பும்

பங்குனி முடிந்து பல்கலைக்கழகங்களின் அனுமதிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டால், எனக்கு வரும் கேள்விகளில் பாதி விசா பற்றித்தான். நான் விசா கொடுக்கிறவள் அல்ல. வங்கியில் பதினான்கு ஆண்டுகள் கல்விக்கடன் மேசையில் உட்கார்ந்து, வெளிநாடு போகும் பிள்ளைகளின் காகிதக் கட்டுகளை அவர்களைப் பெற்றவர்களைவிட அதிக முறை புரட்டியவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் மகளுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் அவள் பெயர் மட்டும்தான்; சர்நேம் கட்டம் காலி. மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் என் முதலெழுத்து. பிறப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்தே வேறு. விசா படிவத்தில் எதைப் போடுவது? பாஸ்போர்ட்டை மாற்றிவிடலாமா?
– வாசகர், மணப்பாறை

ஐயா, உங்கள் வீட்டுக் கதைதான் தமிழ்நாட்டில் பாதி வீடுகளின் கதை. என் மேசைக்கு வந்த ஒரு பெண்ணின் பெயரில் ‘ழ’ இருந்தது. பாஸ்போர்ட்டில் அந்த ‘ழ’ இசட்-எச். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வெறும் எல். கல்லூரிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, இரண்டு எல். மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்காள் தங்கைகள் மூவர் போல இருக்கும். அவளும் கடன் வாங்கினாள், விசா வாங்கினாள், படித்தும் முடித்துவிட்டாள். ஆகவே முதலில் பயத்தை விடுங்கள்.

குடும்பப் பெயர் உள்ளவர்கள் தங்களுக்காக வரைந்த படிவம் அது. நமக்கு அப்பா பெயர் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட விதி இடம் தராது. விரித்து எழுத வேண்டும். அதனால் சிலர் அப்பாவைச் சர்நேம் கட்டத்தில் உட்கார வைக்கிறார்கள், சிலர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். நீங்கள் இரண்டாவது வகை.

அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்.-160 படிவத்தில் பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் வேதம். சர்நேம் காலியாக இருந்தால், மகளின் பெயரைச் சர்நேம் இடத்தில் எழுதி, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகளைப் போட வேண்டும். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று பொருள். விசாவிலும் அப்படியே அச்சாகும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் தெரியாதவள் என்று ஓர் அரசாங்கமே எழுதிக் கொடுக்கும். இது தவறே அல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் இப்படித்தான் போகிறார்கள். ஆனால் அந்த மூன்று எழுத்துகள் பிறகு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று போகுமிடமெல்லாம் கூடவே வரும். என்னிடம் கடன் வாங்கிப் போன பையன் ஒருவனை வகுப்பில் ‘ஃப்னூ’ என்றே கூப்பிட்டார்களாம். முதல் செமஸ்டர் முழுக்க அவனும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

பாஸ்போர்ட்டை மாற்றுவதா என்பதை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நேர்காணலுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து உங்கள் பெயரைச் சர்நேமாகச் சேர்த்துவிடலாம். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தத்கால் என்றால் இன்னும் 2,000. புதிய பாஸ்போர்ட் வந்ததும் அதன் பிரதியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, அவர்கள் சேர்க்கைக்குச் சான்றாகக் கொடுக்கும் ஐ-20 படிவத்தையும் புதிய பெயரில் வாங்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் ஐ-20இல் ஒரு பெயருமாகப் போய் நிற்பதைவிடச் சர்நேம் காலியாகவே போவது மேல். நேர்காணல் தேதி குறித்தாகிவிட்டது என்றால் எதையும் தொடாதீர்கள்.

மதிப்பெண் பட்டியலைத் திருத்த அலைய வேண்டாம். பின்னால் ஓர் இனிஷியல் இருப்பதை யாரும் வேறு ஆளாகப் பார்ப்பதில்லை. மனத் திருப்திக்கு ‘இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழை மாணவர் விசாவுக்கு அமெரிக்கர்கள் வழக்கமாகக் கேட்பதில்லை. பிரிட்டன் என்றால் கதை வேறு: பெற்றோர் கணக்கில் உள்ள பணத்தைக் காட்டினால், நீங்கள்தான் பெற்றோர் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால் முதலில் நகராட்சிக்குப் போங்கள், விசா மையத்துக்கு அப்புறம் போகலாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. சர்நேம் கட்டத்தில் நீங்கள் ஏறிவிட்டால், அங்கிருந்து வரும் கடிதங்களில் பாதி உங்கள் பெயரைச் சொல்லித்தான் உங்கள் மகளை அழைக்கும். பெருமையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு. ‘பிளாக்டு அக்கவுன்ட்’டில் 11,904 யூரோ கட்ட வேண்டுமாம். இருக்கும் இரண்டு லாரிகளில் ஒன்றை விற்றால் பெரும்பகுதி வந்துவிடும். மீதியை நண்பரிடம் மூன்று மாதக் கைமாற்றாக வாங்கிக் கட்டிவிட்டு, விசா வந்ததும் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?
– வாசகர், நாமக்கல்

செய்தால் உங்கள் நண்பரை இழப்பீர்கள்.

உங்கள் ஏஜென்ட் வேறு ஏதோ நாட்டை நினைத்துக்கொண்டு பேசுகிறார். ஜெர்மனிக்காரர்கள் பணத்தைக் காட்டச் சொல்லவில்லை, பூட்டச் சொல்கிறார்கள். 11,904 என்பது மாதம் 992 யூரோ வீதம் பன்னிரண்டு மாதத்துக்கான வாழ்க்கைச் செலவு. 2024 செப்டம்பரிலிருந்து இந்தக் கணக்கு. பையன் அங்கே போய் இறங்கி, முகவரியைப் பதிவு செய்து, சாதாரணக் கணக்கு ஒன்றைத் தொடங்கிய பிறகுதான் மடை திறக்கும். அதுவும் மாதத்துக்கு 992 மட்டும். விசா கிடைத்துவிட்டது, பணத்தை எடுக்கிறேன் என்று கேட்டால் வராது. விசா மறுக்கப்பட்டால்தான் மொத்தமாகத் திரும்பும். நண்பரின் பணம் பன்னிரண்டு தவணையாக உங்கள் மகனின் கைக்குப் போகும். அவன் அதில்தான் வாடகை கொடுத்துச் சாப்பிட வேண்டும்.

லாரியையும் விற்காதீர்கள். இது வங்கிக்காரியின் புத்தி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற வண்டி மாதா மாதம் சம்பாதிக்கிறது; விற்ற பணம் ஒரு வருடத்தில் தீர்ந்துவிடும். இந்தத் தொகையையும் சேர்த்துக் கல்விக்கடன் கேளுங்கள், வங்கிகள் கொடுக்கின்றன. பொதுத்துறை வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வழக்கமாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். வீட்டுப் பத்திரம், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் இப்போதே எடுத்து வையுங்கள். காகிதங்களை எடுத்துப் பார்த்தால்தான் தாத்தா பெயரில் இன்னும் பட்டா இருப்பது பலருக்குத் தெரியவரும். கடனாக அனுப்பும் பணத்தில் இன்னொரு லாபமும் உண்டு: 2025 ஏப்ரலிலிருந்து வங்கிக் கல்விக்கடனில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு டி.சி.எஸ். வரிப் பிடித்தம் இல்லை.

கல்விக் கட்டணத்தை எண்ணி அதிகம் கலங்க வேண்டாம். பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் கிடையாது. செமஸ்டர் பங்களிப்பு என்று சிறு தொகை மட்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. முதுநிலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. அனுமதிக் கடிதம் எங்கிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். தனியார் பல்கலைக்கழகம் என்றால், ஏஜென்ட் ஏன் அதை மட்டும் தூக்கிப் பிடித்தார் என்று ஒரு முறை கேளுங்கள். கமிஷன் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் அவர்கள் கை நீளும்.

அப்புறம், நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மனிக்காரர்கள் கொடுக்கும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா? 2022 நவம்பர் முதல் இந்தியாவில் படித்தவர்களுக்கு அது இல்லாமல் மாணவர் விசா விண்ணப்பம் செல்லாது. கட்டணம் 18,000 ரூபாய். பணத்தைப் பூட்டுவது கடைசி வேலை, இது முதல் வேலை.

கைமாற்று யோசனை பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கும் வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தேவையான தொகை கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. 27ஆம் நாள் ஒரு அப்பா பாஸ்புக்கைப் பதிய வந்தார். இயந்திரம் கரகரவென்று அச்சடித்துத் துப்பிய பக்கத்தைப் பார்த்தால், பத்து நாளுக்கு முன்பு காப்பீட்டுப் பிரீமியம் தானாகவே பிடித்திருக்கிறது. இருப்பு தேவைக்குக் கீழே மூவாயிரம் சொச்சம் போய், மறுநாள் சம்பளத்தில் சரியாகியிருக்கிறது. அவர் “மூவாயிரம்தானே அம்மா?” என்றார். மூன்று ரூபாய் என்றாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். தானியங்கிப் பிடித்தங்களை எல்லாம் வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு நாளை எண்ணத் தொடங்குங்கள்.

ஜெர்மன் விசா மறுக்கப்பட்டுவிட்டது. படிப்பின் நோக்கம் நம்பும்படியாக இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். நோக்கக் கடிதத்தை எழுதிக் கொடுத்தது கன்சல்டன்சிதான். மேல்முறையீடு செய்யலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

முன்பு தூதரகத்துக்கே எழுதி மறுபரிசீலனை கேட்கும் வழி ஒன்று இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டே வழி: ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, அல்லது புதிய விண்ணப்பம். வழக்குக்கு ஆகும் செலவையும் காலத்தையும் நினைத்தால் புதிய விண்ணப்பம்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். கட்டணம் 75 யூரோ மறுபடியும் போகும்.

என் தங்கை மகனுக்கும் இதே கதி நேர்ந்தது. அவனுடைய கடிதத்தை நான் மறுப்பு வந்த பிறகுதான் படித்தேன்; அதற்காக இன்னும் என்னை நானே நொந்துகொள்கிறேன். ‘சிறு வயது முதலே இயந்திரங்களின் மீது எனக்குத் தீராத ஆர்வம்’ என்று தொடங்கியது. அவனோடு விண்ணப்பித்த நண்பர்கள் இருவரின் கடிதங்களையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் அதே தீராத ஆர்வம், அதே வரி. ஒருவன் படிக்கப் போவது கணக்கியல்!

இரண்டாம் முறை அவனை எழுத வைத்தேன். கோவையில் பம்ப் வார்ப்பாலையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். வார்ப்பில் குமிழி விழுந்து நூற்றுக்கு எத்தனை கழிகிறது, அதைக் குறைக்க என்ன செய்து பார்த்தார்கள், எந்த இடத்தில் அவனுக்குப் படிப்பு போதவில்லை, அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம் அதைச் சொல்லித் தருகிறது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினான். ஆங்கிலம் சுமார்தான், நான் திருத்தவில்லை. விசா வந்தது. கடிதத்தால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். படிப்பில் இடைவெளி இருந்தால் மறைக்காமல் காரணத்தைச் சொல்லுங்கள். துறை மாறினால் ஏன் என்று சொல்லுங்கள். முந்தைய மறுப்பைப் பற்றிப் படிவத்தில் கேட்டால் ‘ஆம்’ என்றே எழுதுங்கள். எந்த நாட்டுப் படிவமானாலும் இதே பதில்தான். பொய்த் தகவலோ போலி ஆவணமோ பிடிபட்டால் கனடாவில் ஐந்து ஆண்டு தடை, பிரிட்டனில் பத்து ஆண்டு வரை போகும். கன்சல்டன்சிதான் செய்தது என்று சொல்லித் தப்ப முடியாது. கீழே கையெழுத்து உங்களுடையது. மூலச் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

சென்னையில் அமெரிக்க விசா நேர்காணல். கோட் போட வேண்டுமா? பழைய முகநூல், இன்ஸ்டாகிராம் கணக்குகளை அழித்துவிடட்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

தம்பி, மே மாதச் சென்னையில் கோட்டா? இஸ்திரி போட்ட சட்டை போதும்.

கணக்குகளை அழிக்காதீர்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைப் படிவமே கேட்கிறது. 2025 ஜூனிலிருந்து மாணவர்கள் அவற்றை யாரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டிய ரசீதையும் ஐ-20ஐயும் மேலாக வையுங்கள். பேச்சு இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் எந்தப் பாடம், ஏன் அங்கே, யார் பணம் என்ற மூன்றுக்கும் மனப்பாடம் செய்யாத பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

துணைத் தூதரகத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்திலேயே இருக்கும் ஜெமினி மேம்பாலத்தின் நிழலில் உங்கள் போனையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும்.