பேக்கேஜுக்குக் காசு கொடுக்கும் முன்

கேள்வி: கீழக்கரையில் கடை வைத்திருக்கிறேன். புது லேப்டாப் கேட்டதற்கு, தமிழ் டைப்பிங், ஆன்டிவைரஸ், பிடிஎஃப் சாஃப்ட்வேர் மூன்றும் சேர்த்து 3,500 ரூபாய் பேக்கேஜ் எடுத்தால்தான் தருவேன் என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மூன்று வேலைக்கும் விண்டோஸ் 11-லேயே வழி இருக்கிறது.

முதலில் தமிழ். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன். 'ஆட் எ லாங்குவேஜ்' அழுத்தி தமிழ் (இந்தியா) தேர்ந்தெடுங்கள். டிஸ்ப்ளே லாங்குவேஜ் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மெனு எல்லாம் தமிழுக்கு மாறிவிடும். பலர் தடுமாறுவது இதற்கு அப்புறம்தான். தானாக வந்து உட்காருவது இன்ஸ்கிரிப்ட் (இந்திய மொழிகளுக்குப் பொதுவான) விசைப்பலகையாக இருக்கலாம். 'அ' வரும் என்று நினைத்து ஆங்கில 'ஏ' பட்டனை அடித்தால் வேறு எழுத்து வரும், 'இது சரியில்லை' என்று விட்டுவிடுவார்கள். தமிழுக்கு அருகிலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் 'ஆட் எ கீபோர்டு' போய் தமிழ் 99 (தமிழுக்கென்றே அமைத்த விசைப்பலகை) அல்லது ஃபொனெட்டிக்கைச் சேர்த்து, இன்ஸ்கிரிப்ட் இருந்தால் நீக்குங்கள். மொழி மாற்ற விண்டோஸ் பட்டனோடு ஸ்பேஸ் பார். புதிதாகப் பழகுகிறவருக்கு எங்கள் சிபாரிசு தமிழ் 99. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி அடிக்க விரும்பினால் ஃபொனெட்டிக் போதும். ஒன்று கவனிக்க: பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் யூனிகோடு (இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) அல்ல. அவற்றை மாற்ற மட்டும் தனி கன்வர்ட்டர் வேண்டும்.

ஆன்டிவைரஸாக விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். கடையில் வேறொன்றை ட்ரையலாகப் போட்டுவிட்டால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். ட்ரையல் முடிந்ததும் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சை டிக் திரும்பி வந்ததா என்று பாருங்கள்.

பிடிஎஃப் ஆக்க கன்ட்ரோல்+பி அழுத்தி, பிரின்டர் இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் இருக்கிற பிடிஎஃப்பில் எழுத்தைத் திருத்த இது உதவாது.

கடைக்கு இன்னொன்றும் உதவும். விண்டோஸ்+வி அழுத்தி 'டர்ன் ஆன்' கொடுத்தால், கடைசியாக காப்பி செய்த 25 துண்டுகள் பட்டியலாக நிற்கும். ஜிஎஸ்டி எண், கடை முகவரியை பின் செய்தால் கணினியை அணைத்துப் போட்டாலும் போகாது. பாஸ்வேர்டை மட்டும் பின் செய்யாதீர்கள்.

'இதை வாங்கினால்தான் அது' என்று கட்டாயப்படுத்துவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி 'கட்டுப்படுத்தும் வணிக முறை' (ரெஸ்ட்ரிக்டிவ் டிரேட் பிராக்டிஸ்). கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால் எழுத்தில் கேளுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

கேள்வி: பாம்பனில் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப் ஓடுகிறது. 1.5 ஜிபி மதியத்துக்குள் காலி.

பதில்: பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்தான். செட்டிங்ஸில் வைஃபை, உங்கள் ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸ் போய் 'மீட்டர்ட் கனெக்ஷன்' ஆன் செய்யுங்கள். டேட்டா அளவோடுதான் இருக்கிறது என்று விண்டோஸுக்குப் புரியும், பெரும்பாலான அப்டேட் தானாக இறங்காது. ஹாட்ஸ்பாட் பெயரை மாற்றினால் மறுபடி ஆன் செய்ய வேண்டும். அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்திவிடாதீர்கள். பிராட்பேண்ட் உள்ள வீட்டுக்குப் போகும்போது கையோடு போட்டுவிடுங்கள்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் பழைய லேப்டாப் ஒன்று விலைக்கு வருகிறது. மகனுக்கு எடுக்கலாமா?

பதில்: பேட்டரியின் நிலையை விண்டோஸே சொல்லும். ஸ்டார்ட்டில் சிஎம்டி (கட்டளை அடிக்கும் திரை) தேடித் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி அடித்து, இடைவெளி விட்டு, முன்சாய்வுக் கோடு போட்டு 'பேட்டரிரிப்போர்ட்' என ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமித்தது என்று அதிலேயே காட்டும், அந்தக் கோப்பைத் திறந்தால் பிரௌசரில் வரும். டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 41,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது நிரம்பும் அளவு) 24,600 என்றால் மிச்சம் 60 சதம். பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தாலும் இந்த இரண்டு எண்ணும் பேட்டரியிலிருந்தே வருவதால் மறைக்க முடியாது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆகவே இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே எடுக்காதீர்கள். விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் 'ஆக்டிவ்' என்று காட்ட வேண்டும். கடற்கரை ஊரில் ஓடிய மிஷின் என்பதால் யுஎஸ்பி துளைகள் ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். உப்புக் காற்றில் அங்கே துருப்பிடிக்கலாம்.