பென்ஷனர் சங்கத்துக்கு அப்பாவை மட்டும் அனுப்பாதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த மாதம் 60 முடிகிறது. மாநில அரசு வேலை, 2003-க்கு முன்பே சேர்ந்தவர். உடன் வேலை பார்த்தவர்கள் ஓய்வூதியர் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். எல்லாம் போனிலேயே முடிகிற காலத்தில் சங்கம் எதற்கு?

சேரட்டும். ஆனால் அப்பாவை விட அம்மாவுக்குத்தான் அது தேவைப்படும். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கம். நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் வேறொரு மாநில அரசுத் துறையில் இருந்தார். ஓய்வு பெற்ற மாதமே சங்கத்தில் சேர்ந்துவிட்டார். மாதக் கூட்டம் என்றால் காலையிலேயே குளித்துத் தயாராகிவிடுவார். "மாசம் பொறந்தா பென்ஷன் பேங்குல வந்து விழுது. பெறவு அங்க போயி என்னதான் பேசுதிய?" என்று கேட்பேன். "நீயும் ஒருநா வந்து பாரேன்" என்பார். நான் போகவே இல்லை.

2019-ல் அவர் தவறிப்போனார். பதினாறு முடிந்த மறுநாள் சங்கச் செயலாளர் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். துக்கம் கேட்டுவிட்டு, "நர்ஸம்மா, சாரோட பி.பி.ஓ. புஸ்தகம் எங்க இருக்கு?" என்றார். பி.பி.ஓ. என்றால் பென்ஷன் வழங்கச் சொல்லும் அரசு ஆணைப் புத்தகம். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பீரோவையும் கலைத்துப் போட்டுத் தேடி, கடைசியில் பழைய எல்.ஐ.சி. பைக்குள் இருந்து எடுத்தோம்.

அன்றைக்கு அவர் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்கள் அம்மாவுக்கும் உதவும். இறப்புச் செய்தியைக் கருவூலத்துக்கும் வங்கிக்கும் உடனே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இறந்த பிறகும் கணக்கில் ஏறும் பணத்தைப் பின்னால் பிடித்தம் செய்வார்கள், அது பெரிய தலைவலி. (மூன்றாம் நாளே அண்ணாச்சி கருவூலத்தில் சொல்லி வைத்திருந்தார்.) இறந்த மாதத்தில் வீட்டுக்காரர் உயிரோடிருந்த நாட்களுக்கான பென்ஷனைத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். குடும்ப ஓய்வூதியத்துக்குத் தனி விண்ணப்பம். அப்புறம் குடும்பப் பாதுகாப்பு நிதி. அவருடைய பென்ஷனில் மாதாமாதம் பிடித்த தொகைக்கு, இறந்தபின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. நாம் கேட்டு எழுதினால்தான் வரும். நானும் பென்ஷன் வாங்குகிறவள், எனக்கும் அதே பிடித்தம் நடக்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

பி.பி.ஓ.வைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். என் பிறந்த தேதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பென்ஷன் தாள்களைத் தயாரித்த அலுவலகத்தில் விட்டுப்போயிருக்கிறது. முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளின் பிறந்த தேதியைப் பதிவேட்டில் எழுதியவள் நான், என் வீட்டுத் தாளைப் பார்க்கவில்லை. "இப்ப ஒண்ணும் தெரியாதும்மா, எம்பது வயசுல தெரியும்" என்றார். 80 வயது நிறைந்தால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும், 85-ல் 30, 90-ல் 40 என்று போகும். குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு. ஆனால் வயதுக்கு ஆதாரம் பி.பி.ஓ.வில் இருக்க வேண்டும். திருத்தி வர ஐந்து மாதம் ஆனது. ஒவ்வொரு முறையும் அண்ணாச்சியோ சங்கத்தில் வேறு யாரோ கூட வந்தார்கள். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் நடந்த ஓய்வூதியர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தபோதும் பக்கத்தில் நின்றார்கள். பஸ் டிக்கெட்டுக்குக்கூட என்னிடம் காசு வாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். பெண்கள் குறைவுதான், இருப்பவர்களில் பாதிப்பேர் கணவரின் பென்ஷன் வாங்குகிறவர்கள். எங்கள் பக்கத்தில் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாக்கள் நிறைய. அவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும். உயிரோடிருப்பதைக் காட்டும் வருஷ நேர்காணலுக்கு மெஷினில் கையை வைத்தால் எடுக்காது, அழுதுகொண்டே திரும்பி வருவார்கள். முகத்தைப் படம் பிடித்தும் உயிர்வாழ் சான்று கொடுக்கலாம், நடக்க முடியாவிட்டால் தபால்காரரையே வீட்டுக்கு வரச் சொல்லி 70 ரூபாய் கட்டணத்தில் முடிக்கலாம். இதெல்லாம் போனில் இருக்கிறது என்பது உண்மைதான். அந்த அம்மாவுக்கு அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. நான் இப்போது அதைச் செய்கிறேன்.

வருஷாவருஷம் டிசம்பர் 17-ல் ஓய்வூதியர் தினம் நடத்துகிறோம். 1979-ல் மத்திய அரசு பென்ஷன் கணக்கை உயர்த்தியபோது, அந்த வருஷம் மார்ச் 31-க்கு முன்பே ஓய்வு பெற்றவர்களுக்கு அது கிடையாது என்றது. நகரா என்பவரும் ஓய்வு பெற்ற இன்னொருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். அவர்களோடு சேர்ந்து ஒரு சங்கமும் மனுதாரராக நின்றது. 1982 டிசம்பர் 17-ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: பென்ஷன் யாரும் போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்கான உரிமை, தேதியைக் காட்டிப் பிரிக்கக் கூடாது. முதல் தடவை இதைக் கேட்டபோது வீட்டுக்காரர் அங்கே போய் என்ன பேசினார் என்று எனக்குப் புரிந்தது.

எந்தச் சங்கம் என்று கேட்டால், பெயரைப் பார்க்காதீர்கள். அப்பா பென்ஷன் வாங்கப் போகும் கருவூலத்தின் எல்லையில் மாதக் கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சந்தாவுக்கு ரசீது தருகிறார்களா, கணவர் இறந்தபின் மனைவியை உறுப்பினராக வைத்துக்கொள்கிறார்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். காரியம் முடித்துத் தருகிறேன், இவ்வளவு கொடு என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். முதல் வருஷம் ஆண்டுச் சந்தா போதும், பிடித்தால் ஆயுள் சந்தா கட்டலாம்.

முதல் கூட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போகட்டும். அம்மா செயலாளரின் நம்பரைத் தன் போனில் பதிந்துகொள்ளட்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவின் பென்ஷன் தாள்கள் இப்போது அலுவலகத்தில்தான் இருக்கும். அதில் அம்மாவின் பெயர் ஆதாரில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்கிறதா, பிறந்த தேதி எழுதியிருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.