தோல் லிம்ஃபோமா உள்ளுறுப்புகளுக்குப் பரவுமா?

உங்கள் தாயாருக்கு வந்திருப்பது மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற தோல் லிம்ஃபோமா, அதாவது ரத்த வெள்ளணுக்களில் தோன்றித் தோலில் படரும் ஒரு வகைப் புற்றுநோய் என்றும், முதல் நிலைதான் என்று மருத்துவர் சொல்லியும் நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவிவிடுமோ என்ற அச்சத்தில் உறக்கம் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதே நோயில் ரங்கூனில் என் அப்பாவைப் பறிகொடுத்தவன் நான். ஆனாலும், அவருக்கு நேர்ந்ததை உங்கள் தாயாருக்கு வரப்போவதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இந்நோயை 1806இல் முதலில் விவரித்தவர் அலிபெர் என்ற பிரெஞ்சு மருத்துவர். முற்றிய கட்டிகள் காளானைப் போலத் தோன்றியதால் இப்பெயர் அமைந்ததே தவிர, பூஞ்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நாங்களோ, அப்பாவின் இடுப்பில் லோஞ்சி என்ற பர்மியக் கைலியின் முடிச்சுக்குக் கீழே படர்ந்த திட்டுகளைப் படர்தாமரை என்று நம்பி ஆறு ஆண்டுகள் களிம்பு தடவினோம். வெயில் படாத இடுப்பிலும் தொடையிலும் தொடங்குவதுதான் இதன் வழக்கம் என்பது, மூன்றாவது முறை தோலை வெட்டிச் சோதித்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

விரல்களோடு சேர்ந்த நம் உள்ளங்கை, உடல் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். திட்டுகள் அத்தகைய பத்து உள்ளங்கை அளவுக்குள் அடங்கியிருந்தால், பெரும்பாலோர் இந்நோயோடேயே முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். திட்டுகள் கட்டிகளாக எழும்பும்போதும், மேனி முழுவதும் சிவந்து செதில் உதிரும்போதும், கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டி வற்றாமல் நிற்கும்போதும், ரத்தத்தில் நோய்ச் செல்கள் பெருகும்போதும்தான் உள்ளுறுப்புகளுக்குப் பரவும் வாய்ப்பு உயர்கிறது. ஆகவே, ஒவ்வொரு முறையும் நெறியைத் தொட்டுப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்பாவுக்குத் தொடையில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி எழும்பி உடைந்தது. சில மாதங்களில் ஸ்கேனில் நுரையீரலிலும் நிழல் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவரைக் கொண்டுபோனதோ நுரையீரல் அன்று. உடைந்த தோலின் வழியாக ரத்தத்தில் ஏறிய கிருமி. கட்டு மாற்றும்போது துணியில் மஞ்சளாகக் கசிந்ததை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தோம். அந்த இரண்டு நாளை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் தாயாரின் தோலில் வெடிப்போ புண்ணோ தோன்றினால் அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். நீர் கசிந்தாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.