ஊரடங்குக் காலத்து வானமும் நம் ஊர்க் காற்றும்: கேள்வி பதில்

கொரோனா ஊரடங்கு நம் காற்றைச் சுத்தமாக்கியதா என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து கேட்டவர்களுக்கு என் பதில்கள். பல வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் என்பதால் எல்லோரும் ‘சேர்’ என்றே எழுதியிருக்கிறார்கள்.

கல்லடி: சேர், 2020 ஊரடங்கில் பாலத்தடியில் நின்று பார்க்க வாவியும் வானமும் பளிச்சென்று இருந்தன. உண்மையா, வெறும் நினைப்பா?

உண்மைதான். மார்ச் 20 மாலை 6 மணிக்கு ஊரடங்கு வந்ததும் வாகனங்கள் நின்றன. வாகனப் புகையிலுள்ள நைதரசனீரொட்சைட்டு சில மணி நேரம்தான் காற்றில் நிற்கும். வண்டி நின்றால் அதுவும் உடனே இறங்கும். ஆனால் பருவத்துக்கும் இதில் பங்குண்டு. வடக்கேயிருந்து புகையைக் கொண்டுவரும் வாடைக்காற்று மார்ச் அளவில் ஓய்ந்துவிடும். ஆகவே ஏப்ரலை ஜனவரியோடு ஒப்பிடாமல் முந்திய வருட ஏப்ரலோடு ஒப்பிடுங்கள்.

ஏறாவூர்: கொழும்பு அளவுக்கு இங்கேயும் குறைந்ததா?

குறைவதற்கு இங்கே அவ்வளவு வாகனம் ஏது தம்பி? நம் புகை விறகடுப்பிலும், வளவு மூலையில் கொளுத்தும் குப்பையிலும், வட்டையில் எரிக்கும் வைக்கோலிலும் இருக்கிறது. ஊரடங்கு இவை எதையும் நிறுத்தவில்லை. வயல் வேலைக்கு அனுமதி இருந்தது, மூன்று வேளையும் வீட்டில்தான் அடுப்பெரிந்தது.

சம்மாந்துறை: பெரிய தொழிற்சாலை இல்லாத நாட்டில் 2022 டிசம்பரில் எப்படி அப்படியொரு புகைமூட்டம் வந்தது?

நல்ல கேள்வி. அது பெரும்பாலும் கடல் தாண்டி வந்தது. பிஎம் 2.5 என்னும் நுண்துகள் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மழை கழுவாவிட்டால் நாட்கணக்கில் மிதக்கும். வட இந்தியாவில் அறுவடைத் தாள் எரிப்பு, நிலக்கரி, செங்கற்சூளை எல்லாம் சேர்ந்த புகையை வாடைக்காற்று வங்காள விரிகுடா வழியே கீழே கொண்டு வரும். அந்த வாரம் மாண்டஸ் புயலும் சேர்ந்து இழுத்தது. டிசம்பர் 9 பாடசாலைகளையே மூடினார்கள்.

இதை 2020 உடன் சேர்த்துப் பாருங்கள். இந்தியா முடங்கியது மார்ச் 25. வட இந்தியாவின் ஜலந்தர் நகரில் இருந்தவர்களுக்கு இமயமலைப் பக்கத்துத் தௌலாதார் மலைத்தொடரே தெரிந்தது. ஆனால் அதற்குள் அங்கிருந்து நம் பக்கம் வீசும் காற்று ஓய்ந்திருந்தது. அந்த முடக்கம் டிசம்பரில் வந்திருந்தால் கிழக்கில் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கல்முனை: அப்படியென்றால் பூமி சூடாவதும் குறைந்திருக்குமே?

இல்லை. 2020இல் உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்தும், வளிமண்டலத்தில் அதன் அளவு ஏறியே போனது. தொட்டிக்குள் விழும் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தாலும் தொட்டி நிரம்பிக்கொண்டுதானே இருக்கும்.

காத்தான்குடி: ஊரடங்கில் என் மகனுக்கு முட்டு (ஆஸ்துமா) வரவேயில்லை. பாடசாலை திறந்ததும் திரும்பி வந்தது. காற்றுத்தான் காரணமா?

காற்று மட்டும் இல்லை மகள். பிள்ளைகள் ஒன்றுகூடாததால் தடிமன் பரவல் குறைந்தது. முட்டு வரச் செய்வது பெரும்பாலும் அந்தத் தடிமன்தான். மருந்தை வைத்தியர் சொன்னபடி விடாமல் கொடுங்கள். உங்கள் கையில் உள்ளது வீட்டுக் காற்று. பிள்ளை படுக்கும் அறையில் நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள், வலை கட்டுங்கள். விறகடுப்பு என்றால் சமைக்கும்போது பின்கதவைத் திறந்து வைத்து, பிள்ளையை முன்பக்கம் விளையாட விடுங்கள். பக்கத்து வளவில் குப்பை கொளுத்தினால் போய்ச் சொல்லுங்கள். பிள்ளைக்கு முட்டு என்றால் கேட்பார்கள்.